கொப்புள நோயும் தாங்கி நிற்கும் செடியும்

மழை மாதத்தில் கொழுந்து எடுக்கும்போது சில இலைகளில் எண்ணெய் பட்டதுபோல் சின்னப் புள்ளி தெரியும். சில நாளில் அது மேலே குழிந்து, அடியில் வெள்ளையாக வீங்கும்; பிறகு கருகிப்போகும். இதுதான் கொப்புள நோய். 1868இல் அஸ்ஸாமில் கண்ட இந்தப் பூஞ்சணம் 1946இல் இலங்கைக்கு வந்தது. முற்றின இலையை இது தொடாது. இளசில்தான் பிடிக்கும். கொழுந்துதானே நம்முடைய கிலோ! கவ்வாத்து வெட்டித் துளிர்விடும் மலைதான் அதிகம் அடிபடும்.

வெள்ளைக் கொப்புளத்திலிருந்து வித்துத் தூள் காற்றில் பறக்கிறது. இலை ஈரமாயிருந்தால் முளைக்கிறது. நல்ல வெயில் அடித்தால் செத்துப்போகிறது. அதனால்தான் மழைக்கு முன்னே நிழல் மரக் கிளைகளை வெட்டுகிறோம், செம்பு மருந்தும் அடிக்கிறோம். ஆனால் மருந்துக்குக் காசும் ஆளும் வேண்டும். அடிக்கிறவர் உடம்பையும் பார்க்க வேண்டாமா?

விதைத் தேயிலை மலையில் ஒரு செடி கொப்புளித்துக் கிடக்க, பக்கத்துச் செடி சுத்தமாய் நிற்பதுண்டு. ஒரு தாய் பிள்ளைகள்போல, விதைச் செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். தலவாக்கலை சென்ட் கூம்ஸில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் இப்படியான செடிகளைத் தெரிந்தெடுத்து, குச்சி வெட்டித் தவறணையில் வளர்த்து இரகங்களாக்கியது. டி.ஆர்.ஐ. 2043 நோயைத் தாங்கும்; டி.ஆர்.ஐ. 2023க்கு நோய் சுலபமாய்ப் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துப் பிறந்த கன்றுகளில் தாங்கும் குணம் எதற்கு வந்திருக்கிறது என்பதை டி.என்.ஏ.யிலேயே கண்டுபிடிக்கும் அடையாளத்தை ஆராய்ச்சியாளர்கள் தேடினார்கள். அடையாளம் கிடைத்தால், நோய் பிடிக்கிறதா என்று வருடக்கணக்கில் காத்திருக்கும் வேலை குறையும்.

அப்படியானால் எல்லா மலையிலும் ஒரே இரகத்தை நட்டுவிடலாமே என்று கேட்கலாம். கூடாது. குச்சியில் வந்த செடிகள் எல்லாம் ஒரே குணம். அந்த ஒன்றை வெல்லப் பூஞ்சணம் பழகிக்கொண்டால் மலை முழுக்கப் போகும். நம் முன்னோர் முதலில் இங்கே வந்தது கோப்பித் தோட்டத்துக்குத்தான். 1869இல் இலைத் துரு நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் கோப்பி அநேகமாய் ஒழிந்தது.

ஆகவே பழைய விதைத் தேயிலையைப் பிடுங்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது. சுற்றிலும் கொப்புளம் இருக்கையில் ஒரு செடி மட்டும் சுத்தமாயிருந்தால், துணித்துண்டு கட்டிக் கணக்கப்பிள்ளையிடம் காட்டுங்கள். ஒரு மழையோடு முடிவு சொல்ல முடியாது, வெயில் படும் இடத்தாலும் அது தப்பியிருக்கலாம். அடுத்த மழையிலும் அதே செடியைப் பாருங்கள்.