வள்ளல் பசுக்களும் ஆகார சுத்தியும்

திருப்பாவையின் 3ஆம் பாசுரத்தில், குடம் நிறையப் பால் பொழியும் பசுக்களை வள்ளல்கள் என்று கொண்டாடுகிறாள் ஆண்டாள் நாச்சியார்.

அயல்நாடுகளில் வளரும் நம் குழந்தைகள், “பாலைப் பருகும் நாம் இறைச்சியை மட்டும் ஏன் விலக்குகிறோம்?” என்று வினவுவதுண்டு. விடை அச்சொல்லிலேயே உள்ளது. பால், கன்று உண்டது போகப் பசு தரும் கொடை. இறைச்சியோ கொடுத்தவளையே கொன்று பெறுவது. ஆகவே, பால் வற்றிய பின்னும் பசுவைப் பேணுதல் அக்கொடையைப் பெற்றவர் கடன்.

இஃது உயிரிரக்கம் மட்டுமன்று, உபாஸநத்தின் அங்கமுமாம். ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் எடுத்துக்காட்டும் ஏழு ஸாதனங்களுள் முதலாவது விவேகம். அதாவது, ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் ஆகியவற்றால் வரும் மூவகைத் தோஷங்களும் அற்ற அன்னத்தால் பெறும் காயசுத்தி. இங்கு ஜாதி என்பது பொருளின் இயல்பு. புலால் இயல்பிலேயே விலக்குண்டதாதலின் ஜாதி துஷ்டம். ஆகாரம் தூயதாயின் நெஞ்சு தெளியும். நெஞ்சு தெளிந்தால் நினைவு நிலைபெறும் என்கிறது சாந்தோக்ய உபநிஷத்து.

எனவே, இந்நியமம் நம் நெஞ்சைக் காக்க வந்தது. பிறரை அளக்க வந்ததன்று. புலால் உண்பாரை இகழ்ந்தால், உணவால் பெற்ற தெளிவை இகழ்ச்சியால் இழப்போம். எம்பெருமான் கண்டருளிய ப்ரஸாதத்தைப் பணிவுடன் உண்போமாக.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.