நானும் சிரித்தேன்

1985-86 கல்வியாண்டில் இரண்டு பள்ளிகளுடன் தொடங்கப்பட்ட ஜவஹர் நவோதய வித்யாலயங்கள் உறைவிடப் பள்ளிகள் ஆகும். அவற்றில் பயிலும் மாணவர்கள் அராவளி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்று மலைகளின் பெயர் தாங்கிய நான்கு இல்லங்களில் சேர்க்கப்படுகின்றனர். மூத்த மாணவ மாணவியரே இல்லத் தலைவர்களாகப் பொறுப்பேற்கின்றனர். ஒன்பதாம் வகுப்பில் ஏறத்தாழ 30 சதவீத மாணவர்கள் வேற்றுமொழி பேசும் மாநிலப் பள்ளி ஒன்றில் ஓராண்டு தங்கிப் படிக்கும் ஏற்பாடும் அங்கு உண்டு. (தமிழகத்தில் இப்பள்ளிகள் இல்லாமையால் நம் வாசகர் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.)

ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து கொள்வோம். ஹிந்தி பேசும் மாநிலம் ஒன்றிலிருந்து கர்நாடகப் பள்ளிக்கு ஒரு சிறுமி வந்திருக்கிறாள். அவள் கன்னடம் பேசும் விதத்தைப் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி இரவில் நடித்துக் காட்டுகிறாள். விடுதியே சிரிக்கிறது. மறுநாள் காலை குளியலறை வரிசையில் ஒரு வாளிக்காக இருவருக்கும் சண்டை மூள்கிறது. "தீதி!" என்று அழுதுகொண்டே சிறுமி தலைவியிடம் ஓடி வருகிறாள். நடித்துக் காட்டியவளோ தலைவியின் வகுப்புத் தோழி. போதாக்குறைக்கு, முந்தைய இரவு தலைவியும் சேர்ந்து சிரித்தவள்தான்!

இருவரையும் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி, "ஸாரி சொல்லுங்கள்" என்று முடித்துவிடுவது எளிது. வாளி வழக்கு இரண்டே நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஏளனம் மட்டும் அப்படியே இருக்கும். பிறர் பார்த்திருக்கையில் விட்டுக்கொடுப்பது அந்த வயதினருக்கு அவமானமாகப் படுகிறது. ஆகவே முதலில் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சிறுமி சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடலாகாது. பின்னர், தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானா?" என்று கேட்க வேண்டும். வாளியைப் பற்றித் தொடங்கிய பேச்சு, அந்தச் சிரிப்பில் வந்து நிற்கும்.

அப்போது, "நானும் சிரித்தேன், அது தவறு" என்று தலைவி சொல்லியாக வேண்டும். இதை மறைத்துவிட்டுத் தோழியைக் கண்டிக்க அவளுக்கு என்ன தகுதி இருக்கிறது? தோழியிடமும் அதையே சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். "நீ என் பக்கம் நிற்பாய் என்றல்லவா நினைத்தேன்" என்று தோழி முகம் திருப்பிக்கொள்ளலாம். சில நாட்கள் பேசாமலும் இருக்கலாம். பதினாறு வயதில் அது சிறிய இழப்பு அன்று. ஆயினும் அந்த இழப்புக்கு அஞ்சினால் சிறுமி அந்த ஓராண்டு முழுவதும் அந்நியளாகவே இருப்பாள். குளியலறைக்கு நேரப் பட்டியல் ஒன்றை இருவரையும் சேர்ந்து எழுதச் செய்வது பிறகு கடினமாக இராது.

அடிதடி, மிரட்டல், உணவை மறுத்தல், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஆகியவை வேறு வகை. இவற்றை அந்த நொடியே விடுதிப் பொறுப்பாசிரியையிடம் தெரிவிக்க வேண்டும். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்னதாகவே வாக்களித்துவிட்டால் அப்போது வாய் திறக்க முடியாமல் போகும். கேட்பதற்கு முன் அந்த வாக்கைத் தலைவி யாருக்கும் கொடுக்கக் கூடாது.