மலிவுக் கைத்துப்பாக்கியின் மதிப்பு: இளம் துப்பாக்கி வினைஞருக்கு ஒரு கடிதம்

அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறையொன்றில் தொழில் பழகத் தொடங்கியிருக்கும் இளம் வினைஞருக்கு,

விலை குறைந்த அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி நம்பத் தகுந்ததா, காசு கொடுத்து வாங்கத் தகுந்ததா என்பது பட்டறைக்கு வரும் கேள்விகளுள் மிக எளியதாகத் தோன்றும். ஆனால் அதற்குக் கிடைக்கும் விடையை நம்பித்தான் ஒருவர் தம் படுக்கையறைக்குள் ஓர் ஆயுதத்தைக் கொண்டுபோய் வைக்கிறார் என்பதால், விடை சொல்பவர் விலைச்சீட்டைப் பார்த்தும் சொல்லக் கூடாது, பிறர் ஏளனத்தைக் கேட்டும் சொல்லக் கூடாது. அரைத் தானியங்கி என்பது, விசையை ஒருமுறை இழுத்தால் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் சுட்டு, அதன் காலி உறையை வெளியே தள்ளி, தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியாகிய மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தானே அறைக்குள் ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. இந்த மூன்று வேலைகளும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிய வேண்டும். மலிவு எங்கே பரவாயில்லை, எங்கே ஆகாது என்பதை இந்த மூன்றை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

மலிவுக் கைத்துப்பாக்கி மீதான அவநம்பிக்கைக்கு வரலாறு உண்டு. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், விளையாட்டுக்குப் பயன்படாத சிறு கைத்துப்பாக்கிகள் வெளிநாடுகளிலிருந்து வருவதைத் தடுத்ததேயன்றி, அதே வகையை உள்நாட்டில் செய்வதைத் தடுக்கவில்லை. அந்த இடைவெளியில் 1970ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ரேவன் ஆர்ம்ஸ் நிறுவனம், துத்தநாகக் கலவையில் வார்த்த எம்பி-25 என்னும் சிறு துப்பாக்கியை விற்றது. அதைப் பின்பற்றித் தெற்குக் கலிஃபோர்னியாவில் பிரைக்கோ, லார்சின், டேவிஸ் போன்ற நிறுவனங்கள் தோன்றின. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைச் சுற்றி அமைந்திருந்த இந்நிறுவனங்களை, மருத்துவ ஆய்வாளர் கேரன் வின்டமியூட் 1994இல் வெளியிட்ட ஆய்வில் 'நெருப்பு வளையம்' என்று பெயரிட்டு அழைத்தார். மலிவு என்றாலே பழுது என்னும் எண்ணம் அக்காலத்துத் துப்பாக்கிகளால் வேரூன்றியது. ஆனால் அந்த எண்ணத்தை அப்படியே இன்றைய துப்பாக்கிகள் மீது ஏற்றிப் பேசுவது சோம்பல்.

இன்று இக்கேள்வி பெரும்பாலும் ஒரே துப்பாக்கியைச் சுற்றியே எழுகிறது. ஓஹையோ மாநிலத்தின் மேன்ஸ்ஃபீல்டு நகரில் செய்யப்படும் ஹை-பாயிண்ட் சி9 நெடுங்காலம் 200 டாலருக்குள் விற்கப்பட்டு வந்தது. 9 மில்லிமீட்டர் தோட்டா எட்டைக் கொள்ளும் மேகசின், மூன்றரை அங்குலக் குழல், ஏறத்தாழ 820 கிராம் எடை என்பவை அதன் அளவுகள். பதினைந்து தோட்டா கொள்ளும் கிளாக் 19, காலி மேகசினுடன் ஏறத்தாழ 670 கிராம்தான் என்பதை அருகில் வைத்துப் பார்த்தால், பாதித் தோட்டாவுக்கு இவ்வளவு கனம் ஏன் என்று யாரும் கேட்பார். அந்தக் கனத்தில்தான் அதன் மலிவின் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

9 மில்லிமீட்டர் தோட்டா வெடிக்கும்போது அறைக்குள் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை அழுத்தம் எழலாம். அந்த அழுத்தம் தணியும் வரை அறையின் பின்வாய் திறக்கக் கூடாது. பெரும்பாலான துப்பாக்கிகளில், ஜான் மோசஸ் பிரௌனிங் வகுத்த வழியில், குழலும் அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னுக்கு வந்து, பிறகு குழல் சாய்ந்து பூட்டு விடுபடுகிறது. இதற்குத் துல்லியமாகக் கடையப்பட்ட எஃகு உறுப்புகள் வேண்டும், அதற்கேற்ற கூலியும் வேண்டும். ஹை-பாயிண்டில் பூட்டே கிடையாது. ஸ்லைடின் சொந்தக் கனமும் அதன் ஸ்பிரிங்கும் மட்டுமே பின்வாயைத் தேவையான நேரம் பிடித்து நிறுத்துகின்றன. இதை ப்ளோபேக் முறை என்பர். ஆகவே ஸ்லைடு கனமாக இருந்தே தீர வேண்டும். அந்தக் கனத்தை எஃகில் கடையாமல், ஸாமாக்-3 என்னும் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் வார்த்துவிடுகிறார்கள். துத்தநாகக் கலவை எஃகைவிட அடர்த்தி குறைந்தது என்பதால், அதே கனத்துக்கு அதிகப் பருமன் தேவைப்படுகிறது. கையில் எடுத்தவுடன் தலைக்கனமாகத் தோன்றும் அந்தச் செங்கல் வடிவம் அலட்சியத்தால் வந்ததன்று, கணக்கால் வந்தது. வலிய தோட்டாவைப் பூட்டின்றிச் சுடுவது புதுமையும் அன்று. ஸ்பெயின் இராணுவம் 1921இல் ஏற்றுக்கொண்ட ஆஸ்ட்ரா 400 துப்பாக்கியும் இதே முறையில்தான் இயங்கியது.

துத்தநாகம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. அக்கலவை ஏறத்தாழ 385 பாகை செல்சியசில் உருகுவது உண்மை. இலினாய் மாநிலம் 800 பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் வார்ப்புக் கைத்துப்பாக்கிகளை உரிமம் பெற்ற வணிகர் விற்பதையே தடுத்து வைத்திருக்கிறது. ஆனால் அழுத்தத்தை நேரே தாங்கும் குழல் எஃகால் ஆனது என்பதையும், உருகுநிலைக்கும் தோட்டாவைத் தடங்கலின்றி ஏற்றுவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதையும் இளம் வினைஞர் பிரித்துச் சொல்லக் கற்க வேண்டும். துத்தநாகத்தால் குறைவது உழைக்கும் ஆயுள். இன்று இரவு அது சுடுமா என்பது வேறு கேள்வி.

சி9இல் சிக்கனம் வேறு இடங்களிலும் தெரியும். மேகசினைக் கழற்றி, அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, ஸ்லைடை மெல்லப் பின்னுக்கு இழுத்தால், அதன் முகப்பிலிருந்து சுடும் ஊசியின் முனை நீண்டு வருவதைப் பார்க்கலாம். காலி உறையை இடித்து வெளியே தள்ள மற்றத் துப்பாக்கிகளில் தனி உறுப்பு ஒன்று இருக்க, இங்கே அந்த ஊசியே அவ்வேலையையும் சேர்த்துச் செய்கிறது. துடைப்பதற்காகக் கழற்ற வேண்டுமானாலோ, ஓர் உருளை முளையைப் பன்ச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி எடுத்தால்தான் ஸ்லைடு விடுபடும். இவை தொந்தரவுகள், பழுதுகள் அல்ல. அரிவாள்மனை அழகாக இல்லை என்பதற்காக அது காய் நறுக்காது என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

நம்பகம் என்ற சொல்லை எண்ணாக மாற்றிப் பேசப் பழகுவது இத்தொழிலில் பெரும் நன்மை தரும். கலிஃபோர்னியா மாநிலம் கைத்துப்பாக்கி மாதிரிகளை ஏற்க வகுத்த சோதனையில், ஒரு மாதிரியின் மூன்று துப்பாக்கிகள் தலைக்கு 600 தோட்டா சுட வேண்டும். முதல் இருபதில் தடங்கலே கூடாது, ஒவ்வொன்றின் 600இலும் சேர்த்து ஆறுக்கு மேல் கூடாது. அதாவது, நூற்றுக்கு ஒன்று வரை சட்டமே பொறுத்துக்கொள்கிறது. நூற்றுக்கு ஒன்று என்பது சிறிதாகத் தோன்றினாலும், எட்டுத் தோட்டா கொண்ட ஒரு மேகசினை முழுதும் சுடும்போது இடையில் ஒருமுறையேனும் சிக்கும் வாய்ப்பு அவ்வீதத்தில் ஏறத்தாழ எட்டு விழுக்காடு. நள்ளிரவில் கதவு உடைபடும் ஓசை கேட்டு எழுந்தவருக்கு எட்டு விழுக்காடு சிறிய எண் அன்று. இன்னொன்றும் உண்டு: வாங்கியவர் 50 தோட்டா சுட்டுவிட்டு, ஒருமுறையும் சிக்கவில்லை என்று மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சிக்குப் போதிய ஆதாரம் இல்லை. தடங்கலின்றி 300 தோட்டா சுட்ட பிறகுதான், வீதம் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது என்று 95 விழுக்காட்டு உறுதியோடு கூற முடியும். இது விலை உயர்ந்த துப்பாக்கிக்கும் பொருந்தும் கணக்கு. அங்கே பெரும்பாலோர் பெயரை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடுகிறார்கள், அவ்வளவே.

சிக்கும்போது குற்றவாளி பெரும்பாலும் துப்பாக்கியாக இருப்பதில்லை, மேகசினாக இருக்கும். தகட்டை மடித்துச் செய்த அந்தப் பெட்டியின் வாயில், தோட்டாவை இருபுறமும் கவ்வி நிற்கும் இரண்டு விளிம்புகள் உண்டு. அவை சற்று அகன்றாலும் தோட்டா முன்னதாகவே மூக்கை நிமிர்த்தி, குழலின் பின்வாய்க்கு மேலே போய் முட்டுகிறது. சற்று நெருங்கினாலோ மூக்கைத் தாழ்த்தி, தோட்டாவை அறைக்குள் வழிநடத்தும் சரிவில் முட்டி நிற்கிறது. மலிவுத் துப்பாக்கிகளில் இந்த விளிம்புகளே மிகவும் சீரற்று வருகின்றன. ஹை-பாயிண்ட் வைத்திருப்பவர்கள் குறட்டால் அவற்றைத் திருத்திக்கொள்வது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஆகவே சிக்கும் துப்பாக்கியைக் கையில் பெறும் வினைஞர், அரத்தை எடுத்துச் சரிவைத் தேய்க்கத் தொடங்கும் முன், மேகசினுக்கு எண் இட்டு, எந்த மேகசினில், எத்தனையாவது தோட்டாவில், எந்த வகைத் தோட்டாவில் சிக்கியது என்று எழுதிப் பார்க்கட்டும். தேய்த்த உலோகம் திரும்பி வராது; மேகசினை மாற்றிவிடலாம். உருண்டை மூக்குப் பயிற்சித் தோட்டாவில் சீராக ஓடும் துப்பாக்கி, நுனி குழிந்த தற்காப்புத் தோட்டாவில் சிக்கக்கூடும் என்பதால், வீட்டில் ஏற்றிவைக்கப் போகும் வகையையும் சோதனையில் சேர்த்தாக வேண்டும்.

சிக்குவதைவிடக் கொடியது, சுடக் கூடாத போது சுடுவது. மலிவை எங்கும் மன்னிக்கலாம், இங்கே மன்னிக்க இயலாது. பிரைக்கோ 38 துப்பாக்கியில், அறைக்குள் உள்ள தோட்டாவை வெளியே எடுக்க ஸ்லைடை இழுக்க வேண்டுமானால், முதலில் சேஃப்டியைச் சுடும் நிலைக்குத் தள்ள வேண்டியிருந்தது. 1994இல் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டில் அத்துப்பாக்கியைக் காலிசெய்ய முயன்றபோது அது வெடித்து, ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தான். 2003இல் நடுவர் குழு, துப்பாக்கி செய்த தரப்பின் பங்காக ஏறத்தாழ 2.4 கோடி டாலர் விதிக்க, நிறுவனம் திவாலானது. பிரேசில் நாட்டுத் தாரஸ் நிறுவனம், கீழே விழுந்தால் வெடிப்பதாக எழுந்த குற்றச்சாட்டின் மீது, ஒன்பது மாதிரிகளைச் சேர்ந்த ஏறத்தாழ பத்து லட்சம் கைத்துப்பாக்கிகள் குறித்து 2015இல், குறையை ஒப்புக்கொள்ளாமலே, ஒரு சமரசத்துக்கு வந்தது. மலிவுக்கு மட்டுமே இந்தப் பழி என்று நினைப்பதும் தவறு. அமெரிக்க இராணுவமே தன் புதிய கைத்துப்பாக்கிக்கு அடிப்படையாகத் தேர்ந்தெடுத்த சிக் சாவர் பி320, சில கோணங்களில் விழும்போது வெடிக்கக்கூடும் என்பது 2017 ஆகஸ்டில் வெளிவந்த பிறகு, உறுப்புகளை இலவசமாக மாற்றித் தரும் திட்டத்தை அந்நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. எனவே பழைய மலிவுத் துப்பாக்கி ஒன்று பட்டறைக்கு வந்தால், அது எந்த மாதிரி, எந்த ஆண்டினது, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதேனும் உண்டா என்று பார்ப்பதே முதல் வேலை. எண்ணெய் இடுவது அதற்குப் பிறகு.

ஹை-பாயிண்ட் நிறுவனம் வாழ்நாள் உத்தரவாதம் தருகிறது. துப்பாக்கி எத்தனை கை மாறி வந்திருந்தாலும் இலவசமாகச் சரிசெய்து அனுப்புகிறது. இது வாங்குபவரின் பணத்துக்குக் காப்பு, அவர் உயிருக்குக் காப்பு அன்று; இரவில் சிக்கிய துப்பாக்கியை மேன்ஸ்ஃபீல்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. ஆயினும் 300 தோட்டாச் சோதனையில் குறை தெரியவந்தால் பணம் போகாமல் அதைச் சீராக்கிக்கொள்ள வழி இருக்கிறது என்பதால், சோதனை செய்பவருக்கு இந்த உத்தரவாதம் பெரும் உதவி. சோதனை செய்யாதவருக்கு அது வெறும் தாள்.

விலையைக் கணக்கிடும்போதும் துப்பாக்கியின் விலையை மட்டும் சொல்லி விடுவது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. ஒரு தோட்டா 25 சென்ட் என்று வைத்துக்கொண்டால், சோதனைக்கே 75 டாலர் ஆகும். கூடுதலாக ஒரு மேகசின், குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டி, மாதந்தோறும் சுடுதளக் கட்டணம் எல்லாம் சேரும்போது, 200 டாலர் துப்பாக்கிக்கும் அதைவிட 100 டாலர் அதிகமான துப்பாக்கிக்கும் உள்ள வேறுபாடு சுருங்கிவிடுகிறது. அந்தக் கூடுதல் தொகை கைவசம் இருப்பவருக்கு, காவல்துறை கழித்துவிட்ட பழைய கிளாக் அல்லது ஸ்மித் அண்ட் வெஸன் துப்பாக்கியே நல்ல தேர்வு. வெளிப்புறம் உறையில் உரசித் தேய்ந்திருந்தாலும், உள்ளே பெரும்பாலும் குறைவாகவே சுட்டிருக்கும், உதிரி உறுப்பும் எங்கும் கிடைக்கும்.

அந்தத் தொகை இல்லாதவரும் உண்டு. இரவு வேலை முடிந்து தனியே வீடு திரும்பும் பெண்ணோ, காவல் வண்டி வந்து சேர அரைமணி ஆகும் ஊரில் இருக்கும் முதியவரோ 200 டாலரைச் சேர்த்துக்கொண்டு கடைக்கு வரும்போது, அவர் தேர்வை ஏளனம் செய்ய எந்த வினைஞருக்கும் உரிமை இல்லை. அவருக்குச் சொல்லத்தக்க தீர்ப்பு இது: ஹை-பாயிண்ட் சி9, இடுப்பில் சுமக்கக் கனமானது, கழற்றக் கடினமானது, நெடுநாள் போட்டிப் பயிற்சிக்கு ஏற்றதன்று, ஆனால் வீட்டில் வைத்திருக்க, தன் மேகசினோடும் தன் தோட்டாவோடும் 300 முறை தடங்கலின்றிச் சுட்டுக் காட்டிய ஒரு சி9, கொடுத்த விலைக்குத் தகுந்தது. அந்த 300 தோட்டாவுக்கும் பூட்டுப் பெட்டிக்கும் இந்த மாதம் பணம் போதவில்லை என்று அவர் சொன்னால், அடுத்த மாதம் வரச் சொல்லி அனுப்பும் துணிவு இளம் வினைஞருக்கு வேண்டும்.