வாசனைக்குச் சாட்சி யார்?

அன்புள்ள கயல்விழிக்கு,

கல்லூரி ஆண்டு மலருக்காக நீ எழுதிய கட்டுரை கிடைத்தது. அரசர்களும் நடிகைகளும் பூசிய வாசனைத் திரவியங்களைப் பற்றி எழுதும் எண்ணம் உனக்கு எப்படி வந்ததோ, நல்ல எண்ணம்தான். நடையும் தங்குதடையின்றிப் போகிறது. ஆனால் பிரெஞ்சு அரசி மேரி அன்டோனெட் பற்றிய பத்தியைப் படித்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். தப்பியோடும் வழியில் அவர் பூசியிருந்த வாசனையே அவரைக் காட்டிக்கொடுத்தது என்று எழுதியிருக்கிறாய். அரச குடும்பத்தாருக்கு மட்டுமே கட்டுபடியாகும் விலையுள்ள வாசனையாம், வண்டிக் கதவைத் திறந்ததும் கமகமத்ததாம், காவலர்கள் புரிந்துகொண்டார்களாம். வாசனைப் புட்டி விற்கிறவர்களுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடைக்குமா? சரித்திரம் படிக்கிற பெண் நீ, இதை அப்படியே எடுத்து எழுதலாமா?

பிரெஞ்சுப் புரட்சியின் கதை உனக்குத் தெரியும். நடந்ததை மட்டும் பார். 1791 ஜூன் 20 நள்ளிரவு தாண்டி அரச குடும்பம் பாரிஸை விட்டுப் புறப்பட்டது. பிள்ளைகளின் செவிலித்தாய் ரஷ்யச் சீமாட்டியாக வேடம் போட்டார்; மன்னர் அவருடைய வேலையாள். பெரிய வண்டி ஒன்றுக்குள் அரசன், அரசி, அரசனின் தங்கை, இரண்டு பிள்ளைகள், செவிலித்தாய் என்று ஆறு பேர். மறுநாள் மாலை சென்ட் மெனுவில் குதிரை மாற்றும்போது துரூவே என்ற அஞ்சல் நிலையத் தலைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். சில நாள் கழித்து நாடாளும் மன்றத்தில் அவரே வாக்குமூலம் கொடுத்தார்: அரசியை முன்பே பார்த்திருந்ததால் அடையாளம் தெரிந்தது, பக்கத்தில் இருந்த பருத்த மனிதரின் முகம் ஐம்பது லிவர் காகிதப் பணத்தில் அச்சடித்திருந்த மன்னர் முகத்தோடு ஒத்துப்போனது. துரூவே குதிரையில் முந்திச் சென்று வரென் ஊரில் வண்டியை மறிக்க வைத்தார். கண்ணால் கண்டுபிடித்தார், அம்மா. மூக்குக்கு இதில் வேலையே இல்லை. ஜூன் மாதத்தில், கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க, ஆறு பேர் அடைந்து கிடந்த வண்டிக்குள் என்ன வாசனை வந்திருக்கும் என்று நீயே யோசி.

விலைக் கணக்கும் சரியில்லை. அரசிக்குத் திரவியம் செய்து கொடுத்தவர் மோன்பெலியே ஊர்க்காரரான ழான் லூயி ஃபார்ழோன். பாரிஸில் கடை வைத்துக் காசுள்ள யாருக்கும் விற்றவர். ஊபிகான் கடையும் 1775 முதலே அங்கே இருந்தது. பணக்கார வியாபாரியின் மனைவியும் அரசியும் ஒரே கடைச் சரக்கைப் பூசிய காலம் அது.

பின்னே இந்தக் கதை எங்கிருந்து முளைத்தது? எனக்கு ஓர் ஊகம் உண்டு. என் நண்பர்கள் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். நீ புதிதாகக் கேட்கிறாய், பொறுத்துக்கொள். அரசியின் பணிப்பெண்களில் ஒருவரான காம்பான் அம்மையார் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தி வருகிறது. தப்பியோடத் திட்டம் போட்ட நாட்களில் அரசி தன் பயண ஒப்பனைப் பெட்டியை முன்கூட்டியே பிரஸ்ஸல்ஸுக்கு அனுப்பிவிட ஆசைப்பட்டார். கண்ணாடிக் குப்பிகள், சீப்பு, வெள்ளிச் சாமான் எல்லாம் குழி குழியாக அடங்கும் பெட்டி. காம்பான் வேண்டாமென்று தடுத்தும் கேட்கவில்லை. அரசியின் அக்காவுக்குப் பரிசு என்று ஒரு சாக்குச் சொன்னார்கள். ஆடை அறை வேலைக்காரி ஒருத்தி நம்பவில்லை; அரசி ஓடப்போகிறார் என்று அதிகாரிகளுக்குப் புகார் கொடுத்துவிட்டாள். ஆக, காட்டிக்கொடுக்கப் பார்த்தது பெட்டி. குப்பிகள் இருந்த பெட்டி, சொல்கிறவர் வாயில் குப்பியாகி, குப்பி வாசனையாகி, வாசனை வண்டிக்குள் ஏறிவிட்டது என்பது என் கட்சி. நிரூபணம் கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் பெட்டி கற்பனை இல்லை. அரசியின் பயணப் பெட்டி ஒன்றைப் பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் திரவிய அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

ஃபார்ழோனைப் பற்றி எலிசபெத் தெ ஃபேதோ 2005-இல் எழுதிய புத்தகம் நூலகத்தில் கிடைத்தால் எடுத்துப் படி. அந்த ஆய்வை வைத்துக்கொண்டு ஃபிரான்சிஸ் குர்க்ஜியான் என்ற நிபுணர் அரசியின் வாசனையைத் திரும்பச் செய்து பார்த்தார். மல்லிகை, ஆரஞ்சுப் பூ, சந்தனம், கூடவே சம்பங்கி! நம் கல்யாண மாலைச் சம்பங்கிதான். அதைப் படித்தபோது அரசி ஏனோ எனக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தார். போகட்டும்.

அடுத்தது முகலாயப் பேரரசி நூர்ஜஹான். ரோஜா அத்தரை அவர்தான் கண்டுபிடித்தார், வாய்க்காலில் ஓடவிட்ட பன்னீரின் மேல் எண்ணெய் மிதந்ததைப் பார்த்தார் என்று எழுதியிருக்கிறாய். இங்கே உனக்குச் சாக்கே கிடையாது. கணவரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்பில் உள்ளபடி கண்டுபிடித்தவர் நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம். பன்னீர் காய்ச்சும்போது, கூஜாவிலிருந்து சூடாகத் தட்டுகளில் ஊற்றிய நீரின் மேல் ஆடை போல ஏதோ படிந்ததாம். அந்த அம்மாள் அதைச் சிறிது சிறிதாக வழித்துச் சேர்த்தார். மன்னர் மகிழ்ந்து முத்துமாலை ஒன்றைப் பரிசளித்தார். அக்பரின் மனைவியருள் ஒருவரான சலீமா சுல்தான் பேகம் அதற்கு 'இத்ரே ஜஹாங்கீரி' என்று பெயர் வைத்தார்.

இந்தக் குறிப்பை நான் நம்புவதற்குக் காரணம் மன்னர் எழுதினார் என்பது மட்டுமில்லை. மன்னர்களும் பொய் சொல்வார்கள். அதில் வருகிற விவரம் வேதியியலுக்குப் பொருந்துகிறது. ரோஜா எண்ணெயில் மெழுகு போன்ற பொருள்கள் கலந்திருக்கின்றன. சூடு ஆற ஆற அவை உறைந்து மேலே மிதக்கும். தட்டு அகலமானது, சீக்கிரம் ஆறும். பெருமளவு பன்னீர் இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் அளவு சேரும் என்றும் மன்னர் சொல்கிறார். அதுவும் சரி. இன்றைக்கும் ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3000 கிலோவுக்குக் குறையாமல் பூ வேண்டும். வாய்க்கால் கதையில் இந்த நுணுக்கம் ஏதாவது இருக்கிறதா? மாமியார் செய்த வேலையை மருமகன் ஒழுங்காகப் பதிவு செய்திருக்க, அழகி என்று பெயர் எடுத்த மகள் பேரில் ஊரார் எழுதிவிட்டார்கள். உலகத்தில் இவர்தான் முதலா என்பது வேறு வழக்கு. பாரசீகத்தார் ரோஜாவைக் காய்ச்சி வடிப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

முகலாயர் பக்கம் போனதால் இன்னொன்று. அக்பர் அவையில் இருந்த அபுல் ஃபஸல் எழுதிய அயினி அக்பரியில் வாசனைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. எந்தப் பொருள் எவ்வளவு, என்ன விலை என்று பட்டியலே போட்டிருக்கிறார். அதில் வருகிற அரகஜா, கோடையில் உடம்பு குளிரப் பூசுவது, நம் பூஜைச் சாமான் கடைகளில் இன்னும் சின்ன டப்பியில் விற்கிறது. ஒவ்வோர் அரசரும் ஒரே வாசனையைத் தேர்ந்து வாழ்நாள் முழுக்கப் பூசினார் என்பது இந்தக் காலத்து விற்பனைக்காரர் கற்பனை. அக்பர் அரண்மனையில் புழங்கியது ஒன்றல்ல, பல.

நெப்போலியன் பற்றி நீ எழுதியது சரி. ஓடிகோலோனை உடம்பில் தாராளமாகத் தேய்த்துக்கொள்வார் என்று அவருடைய வேலையாள் கான்ஸ்டான் எழுதியிருக்கிறார். பாரிஸ் கடைக்காரர் ஷார்தானின் பில்களும் இருக்கின்றன. யூஜெனி பேரரசிக்காக கெர்லான் 1853-இல் செய்ததும், ஆட்ரி ஹெப்பர்னுக்காகச் செய்து 1957-இல் கடைக்கு வந்த லான்தெர்தி என்ற வாசனையும் சரிதான். அரண்மனைக்குச் சரக்கு அளிப்பவர் என்று பலகை மாட்டியிருந்தால் மட்டும் மயங்காதே. லண்டன் ஃபுளோரிஸ் கடைக்கு 1820-இல் முதன்முதலாகக் கிடைத்த அரச அங்கீகாரம் சீப்புக்கு!

ஷனேல் ஐந்து பூசுவதாக மர்லின் மன்றோ சொன்னது சந்தேகத்துக்கு இடமில்லாதது. 1952-இல் 'லைஃப்' இதழில் வந்தது. 1960-இல் ஜார்ஜ் பெல்மோன் எடுத்த பேட்டியின் ஒலிப்பதிவில் அவர் குரலிலேயே இருக்கிறது. அதை ஷனேல் நிறுவனம் பின்னாளில் விளம்பரமாக்கிக்கொண்டது, அது அவர்கள் பிழைப்பு. ஆனால் அதே ஃபுளோரிஸ் கடையில் 1959-இல் மன்றோவுக்காக ரோஸ் ஜெரேனியம் புட்டிகள் வாங்கிய ரசீது ஒன்றையும் காட்டுகிறார்கள். வாய் ஒன்றைச் சொல்லும், ரசீது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லும். இரண்டையும் உன் கட்டுரையில் போடு, படிக்கிறவர்கள் ரசிப்பார்கள்.

மலர் அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வரென் பத்தியை முழுக்க எடுத்துவிட்டு துரூவேயின் வாக்குமூலத்தை வை. நூர்ஜஹான் இருக்கும் இடத்தில் அஸ்மத் பேகம் என்று திருத்து. என் பெட்டி ஊகத்தைச் சேர்ப்பதானால் ஊகம் என்றே எழுது, என் பெயரைப் போட வேண்டாம். திருத்திய படியை எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்