கிளைவழி வாழும் கனி

ஆப்பிள் விதையை ஊன்றினால் தாய்மரத்தின் கனி அப்படியே கிடைப்பதில்லை. முளைப்பது புதியதொரு வகையாகவே இருக்கும். எனவே, ஒரு வகையைக் காக்க, அதன் குச்சியை வெட்டி வேறொரு செடியில் ஒட்டுக்கட்ட வேண்டும்.

இங்கிலாந்தின் சவுத்வெல் என்னும் ஊரில், 1809ஆம் ஆண்டு மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்னும் இளம்பெண் தம் வீட்டுத் தோட்டத்தில் ஊன்றிய விதை மரமாயிற்று. அவ்வீட்டைப் பின்னர் வாங்கிய பிராம்லி என்பவரின் பெயரால் அதன் கனி வழங்கலாயிற்று. இன்றுள்ள பிராம்லி மரங்கள் யாவும் அம்மரத்தின் கிளைவழி வந்தவையே.

ஒட்டுக்கட்டுவார் இல்லாத வகைகள் கடைசி மரத்தோடு மறைந்தன. ஆயினும், கெண்ட் பகுதியிலுள்ள பிராக்டேல் தோட்டத்தில் 2000க்கும் மேற்பட்ட ஆப்பிள் வகைகள் காக்கப்படுகின்றன. இளமையில் உண்ட கனியை மீண்டும் வளர்க்க விரும்புவோர், முதலில் அதன் பெயரை அறிய வேண்டும். பெயர் தெரிந்தால் குச்சியைத் தேடிப் பெறலாம். முதியோரின் நினைவே அத்தேடலுக்குத் தொடக்கம்.