மரச்சீனியும் சாளையும்

நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டிக்குப் போகும் சாலையில் இருபுறமும் வயல்களைப் பார்த்திருப்பீர்கள். 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டப்பட்டபின், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகத்திற்கும் தண்ணீர் உறுதியாயிற்று. நாஞ்சில் நாட்டைத் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்றே அழைத்தார்கள். ஆனால் அந்த வயலில் நாற்று நட்ட பெண்ணின் வீட்டில், கூலி நெல் தீர்ந்த மாதங்களில் அடுப்பில் வெந்தது அரிசி அன்று, மரச்சீனிக் கிழங்கு.

இக்கிழங்கு பிரேசில் நாட்டிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். 1942-இல் பர்மா அரிசி வருவது நின்றபோது எத்தனையோ உயிர்களைக் காத்தது இதுதான். ஆகவே மரச்சீனியை நாம் இகழக் கூடாது. ஆனால் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறு கணக்கு ஒன்று போடுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 கலோரி ஆற்றலும் 11 கிராம் புரதமும் வேண்டும். 100 கிராம் மரச்சீனி சுமார் 150 கலோரி தருகிறது. புரதமோ ஒரு கிராமுக்கும் குறைவு. அப்படியானால் ஆற்றல் தேவையைக் கிழங்கினால் மட்டும் நிறைவு செய்ய, குழந்தை 650 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். அந்தச் சிறு வயிறு அவ்வளவு கொள்ளாது. கொண்டாலும் புரதம் ஆறரை கிராமைத் தாண்டாது. வயிறு நிறைந்திருக்கும், குழந்தை வளராது.

இன்னொரு செய்தியும் உண்டு. மரச்சீனியில் லினமாரின் என்னும் பொருள் இருக்கிறது. கிழங்கை வெட்டியவுடன் அதிலுள்ள நொதி இதைச் சிதைக்க, முடிவில் ஹைட்ரஜன் சயனைடு என்ற நஞ்சு வெளிப்படுகிறது. கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டுகிறார்களே உங்கள் அம்மா, அது இதற்காகத்தான். மிஞ்சும் சிறிதளவு நஞ்சை உடல் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. இந்த மாற்றத்திற்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் கிடைப்பது மெத்தியோனின், சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்களிலிருந்து, அதாவது புரதத்திலிருந்து. புரதம் குறைந்த குழந்தைக்கு நஞ்சை முறிக்கும் வலிமையும் குறைவு என்பது விளங்குகிறதல்லவா?

இப்போது மரச்சீனியும் சாளைக் கறியும் என்ற நம் ஊர்ச் சேர்க்கையை நினைத்துப் பாருங்கள். 100 கிராம் சாளையில் ஏறத்தாழ 20 கிராம் புரதம், மெத்தியோனினுக்கும் குறைவில்லை. கஞ்சியும் சிறுபயறும் இதே போன்ற இணைதான். அரிசியில் லைசின் குறைவு, பயற்றில் அது மிகுதி. பயற்றில் மெத்தியோனின் குறைவு, அரிசி அதை ஈடு செய்கிறது. மீனோ பயறோ வாங்கக் காசில்லாத நாளில்தான் இந்த இணை பிரிந்தது.

கைக்குழந்தைகளின் நிலை வேறு. ஆறு மாதம் முடிந்ததும் மட்டிப் பழம் கொடுப்பதும், ஏத்தங்காயை உலர்த்திப் பொடித்துக் கஞ்சி காய்ச்சுவதும் இம்மாவட்டத்து வழக்கம். எளிதில் செரிக்கும், நல்ல உணவுதான். ஆனால் பச்சை ஏத்தங்காயில் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் அளவே புரதம். ஏத்தங்காய்க் கஞ்சியிலேயே ஒரு வயது வரை வளரும் குழந்தை கொழுகொழுவென்று தோன்றலாம், தோற்றத்தை நம்பாதீர்கள். வறுத்த சிறுபயற்று மாவை அதில் சேர்த்தால் குறை பெருமளவு நீங்கும்.

அரசுத் திட்டங்கள் என்ன செய்தன? 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு பரவத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தைகளையும் பந்தியில் சேர்த்தது. 1989-இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. இன்று பள்ளி நாள்தோறும் ஒன்று. பெரும் பணிதான். எனினும் வளர்ச்சி தடைப்படும் காலம் ஆறு மாதத்திற்கும் இரண்டு வயதிற்கும் இடையில். பள்ளியில் மணி அடிக்கும்போது அக்காலம் கடந்துவிடுகிறது.

இந்த இடைவெளியைக் குறிவைத்தவை 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டமும், 1980-இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும். இரண்டாவதில் முதன்மையான கருவி சோற்றுப் பானை அன்று, தராசு! ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்து, தாய்க்கு வீட்டுணவைச் சீர்படுத்தக் கற்றுக்கொடுத்தார்கள். கண்ணுக்கு மெலிவு தெரியும் முன்பே எடைக்கோடு படுத்துவிடும் என்பதே இதன் அறிவியல். எல்லோருக்கும் ஒரு கரண்டி என்பதைவிட இது எனக்குச் சிறந்த வழியாகப் படுகிறது.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கேழ்வரகை நனைத்து, முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, இலேசாக வறுத்து மாவாக்குங்கள். அரிசி மாவில் கரண்டி நிற்குமளவு கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் முளைமாவு ஒரு சிறு கரண்டி கலக்குங்கள். கால் மணி நேரத்தில் அது நீர்த்து ஓடும். முளையிலுள்ள அமைலேசு நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. தண்ணீர் விட்டு நீர்க்க வைத்தால் சத்தும் நீர்க்கும்; இங்கே சத்து அப்படியே இருக்க, கஞ்சி மட்டும் இளகுகிறது. சிறு வயிற்றுக்குள் அதிக உணவு போகிறது. மாவை அதிகம் வறுத்தால் நொதி அழிந்துவிடும், கவனம். தம்பிக்கோ தங்கைக்கோ ஊட்டுவதாயின், இளகிய கஞ்சியை மீண்டும் ஒருமுறை கொதிக்க வைத்து ஆற்றிய பிறகே கொடுங்கள்.