உடலினுள் பொருத்தப்படும் உலோகங்களும் அரிப்பும்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஒட்சிசனும் தேவை என்பதையும், உப்பு அதனை விரைவுபடுத்தும் என்பதையும் நீங்கள் கற்றுள்ளீர்கள். இவை மூன்றும் எமது உடலினுள்ளும் உண்டு. இழையப் பாய்பொருள் குளோரைட்டு அயன்களைக் கொண்ட மின்பகுபொருளாகும். அதன் வெப்பநிலை ஏறத்தாழ 37 பாகை செல்சியசு. அவ்வாறாயின், முறிந்த என்பைப் பொருத்தும் தகடும் திருகாணியும் அரிப்புறாதிருப்பது எவ்வாறு?

1. பாதுகாப்பைத் தருவது எது?

“இவ்வுலோகங்கள் தாக்கமடையாதவை” என மாணவர் பலர் விடை எழுதுவர். இது தவறு. தைத்தேனியம் இரும்பை விடத் தாக்குதிறன் கூடியது. வளி பட்டவுடனேயே அதன் மேற்பரப்பில் தைத்தேனியமீரொட்சைட்டுப் படலம் உண்டாகும். அதன் தடிப்பு சில நனோமீற்றர் மாத்திரமே. எனினும் அது உலோகத்துடன் இறுக ஒட்டி, நீரும் அயன்களும் உட்செல்வதைத் தடுக்கும். இரும்புத்துருவோ நுண்டுளைகளுடையது, உதிர்ந்து விடும். தாக்கவீதத் தொடரில் இரும்புக்கு மேலேயுள்ள அலுமினியம் எளிதில் அரிப்புறாமைக்கும் ஒட்சைட்டுப் படலமே காரணம்.

2. மேற்பரப்பைப் பரிகரித்தல்

(அ) கறையில் உருக்கு: என்புத் தகடுகளுக்கான உருக்கில் குரோமியம் ஏறத்தாழ 17–19% உண்டு. நைத்திரிக்கமிலக் கரைசலில் அமிழ்த்தும்போது மேற்பரப்பில் ஒட்டியுள்ள இரும்புத் துணிக்கைகள் நீங்கி, குரோமியமொட்சைட்டு செறிந்த படலம் உண்டாகும்.

(ஆ) தைத்தேனியக் கலப்புலோகம்: பெரிதும் பயன்படும் கலப்புலோகத்தில் அலுமினியம் 6%, வனேடியம் 4% உண்டு. இதனை அனோட்டாக இணைத்து மின்பகுப்புச் செய்தால் ஒட்சைட்டுப் படலம் தடிக்கும். தடிப்புக்கேற்ப நீலம், பொன்னிறம் முதலிய நிறங்கள் தோன்றும். இது சாயமன்று, ஒளியின் தலையீட்டால் உண்டாவது.

3. படலம் சிதைந்தால்?

கீறப்பட்ட படலம் ஒட்சிசன் கிடைத்தால் தானே மீள உருவாகும். ஆனால் திருகாணித் தலையின் கீழுள்ள ஒடுங்கிய இடைவெளியில் ஒட்சிசன் குறைவு. அங்கு உராய்வும் சேர்ந்தால் அரிப்பு தொடங்கும். உருக்கிலிருந்து வெளியேறும் நிக்கல் அயன்கள் சிலருக்கு ஒவ்வாமையை ஏற்படுத்தலாம். நோயாளி மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்படவும் நேரிடலாம்.

மாதிரி வினா: தைத்தேனியம் தாக்குதிறன் மிக்கதாயினும் உடலினுள் அரிப்பை எதிர்ப்பது ஏன்?

விடை: அதன் தாக்குதிறன் காரணமாகவே மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலம் விரைவாக உண்டாகும். இறுக ஒட்டிய அப்படலம் உள்ளேயுள்ள உலோகத்தை நீர், ஒட்சிசன், குளோரைட்டு அயன் ஆகியவற்றிலிருந்து பிரித்து வைக்கும்.

கவனிக்க: “ஒட்சைட்டுப் படலம்” என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அது இறுக ஒட்டியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரும்புத்துருவிலிருந்து அதனை வேறுபடுத்துவது அப்பண்பே.